துடித்ததற்குக் கூலி

என் மகள் எனக்குத் தர வேண்டியது ஐயாயிரத்து நானூறு. பன்னிரண்டு நாள் என் நெஞ்சு துடித்ததற்கான கூலி அது. கிடங்கில் இதைச் சொன்னபோது ஒட்டகம் வாயில் இருந்த தண்ணீரை மூக்கு வழியாக விட்டுவிட்டான். காலையிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்காமல் மூட்டை தூக்கிவிட்டு, மதியம் மணி அடித்ததும் ஒரு குடத்தை ஒரே மூச்சில் காலி செய்கிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். "யோவ் வாத்தியாரே, துடிக்கிறதுக்குக் கூலி குடுக்கிற எடம் எங்கய்யா இருக்கு? எனக்கும் ஒரு வாரம் சொல்லி விடு. நான் படுத்துக்கிட்டே துடிக்கிறேன்" என்றான்.

வாத்தியார் என்பது நான். பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். நாற்பது தாண்டிய பிறகு, கிடங்குக்கு வரும் பெட்டிகளின் மேல் எது தலை, எது கால் என்று எழுதிவர ஆரம்பித்த காலத்தில், வேறு வழியில்லாமல் எழுத்துக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. மூட்டை, லாரியின் முதுகு, மாத்திரை அட்டை, சுவரொட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சத்தம்போட்டுப் படித்தேன். பெயர் ஒட்டிக்கொண்டது.

மகள் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் வெகுநாள் "கம்ப்யூட்டர்" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவளே உட்காரவைத்துச் சொன்னாள். உடம்புக்குள் ஓடுகிற மின்சாரத்தை வெளியிலிருந்து கேட்டு, பெரிதாக்கிக் காட்டும் ஆம்ப்ளிஃபயர் செய்கிறாளாம். எனக்கு ஆம்ப்ளிஃபயர் தெரியும். வயசுக் காலத்தில் மைக்செட் கடையில் சுமை தூக்கியிருக்கிறேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்தால்தான் நகரும். இரும்பு மூடியைத் தொட்டால் சுடும். போட்டால் தெருவே அதிரும். "அதையா இந்த மேசையில வெச்சுச் செய்யற?" என்றேன். அவள் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, கறுப்புப் பஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு துணுக்கைக் காட்டினாள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. என் மூச்சுப் பட்டுப் பறந்துவிடப் போகிறது என்று கையால் என் வாயை மூடினாள். அந்தத் துணுக்கின் ஓர் ஓரத்தில், கண்ணுக்கே தெரியாத அளவில் இருந்தது அவளுடைய ஆம்ப்ளிஃபயர்.

அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்து, அதிலிருந்த பேட்டரி ஒன்றை உருவி என் முன்னால் நிறுத்தினாள். "இதுல இருக்கிற மின்சாரத்த ஆயிரத்தி ஐநூறு பங்கா பிரிச்சுக்கோப்பா. அதுல ஒரே ஒரு பங்கு. அவ்வளவுதான் உன் நெஞ்சு தோலுக்கு மேல பேசுற பேச்சு."

"அவ்வளவு மெதுவாவா பேசுது?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பாமலே சொன்னாள்: "வாய் பேசுற பேச்சுக்கு, நெஞ்சாவது மெதுவா பேசட்டும்."

நான் சிரித்தேன். ஆனாலும் கை தானாக நெஞ்சுக்குப் போனது. முப்பது வருஷமாக இந்த உடம்பை மூட்டைக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற கட்டையாகத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்றும், அதன் வெளிச்சம் தோல்வரைக்கும் கசிகிறது என்றும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

பெரிதாக்குவது பெரிய காரியம் இல்லை என்றாள். சிக்கனமாகப் பெரிதாக்குவதுதான் காரியம். பட்டன் மாதிரி ஒரு பேட்டரியைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் அதை மறந்துவிட வேண்டும். ஒரு கைக்கடிகாரம் குடிப்பதற்குமேல் ஒரு வாய் கூடக் குடிக்கக் கூடாது. ஆனால் மின்சாரத்தைக் குறைக்கக் குறைக்க, சர்க்யூட்டே உள்ளுக்குள் இரைய ஆரம்பித்துவிடும். அந்த இரைச்சலில் நெஞ்சின் பேச்சு முங்கிப்போகும். இது எனக்கு உடனே புரிந்தது. கூலியைக் குறைத்தால் ஆள் முணுமுணுப்பான்; முணுமுணுக்கிறவன் காதில் எதுவும் விழாது. அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். மூன்று வருஷமாக அதைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தாள். "ஒரே கூலிய ரெண்டு பேருக்குக் குடுக்கறேன்ப்பா. மேல இருக்கறவன் வாங்கி வேலைய செஞ்சிட்டு, அதே காச அப்படியே கீழ இருக்கறவன்கிட்ட தந்துடுவான். அவனும் அதே வேலைய செய்வான். செலவு ஒண்ணு, வேலை ரெண்டு."

"தாயே, இத எங்க மேஸ்திரி காதுல மட்டும் போட்டுடாத" என்றேன்.

என்னைத் தேடி அவள் வந்ததற்குக் காரணம் என் தோல். அவளுடைய கூடத்தில் எல்லோரும் நிழலில் வளர்ந்தவர்கள். அவர்கள் நெஞ்சில் இரண்டு பிளாஸ்திரி ஒட்டினால் மின்சாரம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. நான் பீப்பாய்களைக் கட்டிப்பிடித்து இறக்குகிறவன். கழுத்தெலும்பிலிருந்து விலாவரைக்கும் தோல் தடித்து, பழைய செருப்பின் உள்பக்கம் போல ஆகிவிட்டது. இப்படிப்பட்ட தோலையும் தாண்டிக் கேட்டால்தான் அவள் சர்க்யூட் எல்லோருக்கும் ஆகும். "லேப்ல வேற யாருக்கும் இப்படி ஒரு தோல் இல்லப்பா" என்றாள், ஏதோ நான் சேர்த்துவைத்த சொத்தைப் போல. வேலைக்குப் போகும்போதே கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒட்டிக்கொள்கிறவர்களுக்குக் கூடத்தில் ஒரு நாளைக்கு நானூற்றைம்பது கொடுப்பார்கள். சொந்தக்காரர்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். "அதனால நான் உனக்குக் கடன்காரி. சம்பளம் வந்ததும் தரேன்." வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி முந்திக்கொண்டாள்: "வாங்கிக்கோங்க. வேலை வாங்கிட்டுக் கூலி தராத வழக்கம் நம்ம வீட்ல வேண்டாம்."

நான் தயங்கியது பணத்துக்காக அல்ல. அதை அவர்கள் இருவரிடமும் சொல்ல முடியவில்லை.

சில மாதங்களாக எனக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. லாரிக்கும் கிடங்கு மேடைக்கும் நடுவில் போட்ட பலகையில் ஏறும்போதோ, சும்மா உட்கார்ந்து பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதோ, நினைத்த நேரத்தில் வரும். கண்ணுக்குள் யாரோ பாலை ஊற்றுவதைப் போல எல்லாம் வெளுக்கும். காதில் பஞ்சு அடைக்கும். காலுக்குக் கீழே பலகை இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. பிறகு நெஞ்சில் ஒரு குத்து விழும். உலகம் பழைய இடத்துக்கே திரும்ப வந்து நிற்கும். இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். போன வருஷம் பலகையிலிருந்து விழுந்த ஓர் ஆளை மேஸ்திரி தோளில் தட்டி, "ரெஸ்ட் எடுப்பா, சொல்லி அனுப்பறேன்" என்று அன்பாகத்தான் அனுப்பினார். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. எனக்கு மூட்டை தூக்கத் தெரியும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். முதலாவதுக்குத்தான் கூலி.

அதனால் மகள் அந்தப் பிளாஸ்திரிகளை என் நெஞ்சில் ஒட்டி, தீப்பெட்டியில் பாதி அளவுள்ள பெட்டியை நடுவில் மாட்டியபோது, எனக்குள் ஒரு நடுக்கம் ஓடியது. இது கேட்கும். கேட்டதைச் சொல்லிவிடுமா? "அசையாம இருப்பா, ஏன் இப்படி நடுங்கற?" என்றாள். "ஒம் கை ஜில்லுனு இருக்கு" என்றேன்.

ஒட்டியதும் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். முதலில் எதுவும் தெரியவில்லை. பட்டையாக ஓர் அதிர்வு மட்டும் ஓடியது. இந்த அறையில் எரிகிற விளக்கு, ஓடுகிற விசிறி, சுவருக்குள் போகிற வயர் எல்லாம் சேர்ந்து போடுகிற ரீங்காரமாம் அது. நாம் எல்லோரும் அதற்குள்தான் நின்றுகொண்டிருக்கிறோம். உடம்பு அதை உறிஞ்சி வைத்திருக்கிறது. பிறகு ஏதோ ஒரு விசையைத் தட்டினாள். இரண்டு பிளாஸ்திரிக்கும் பொதுவாகக் கேட்பதைத் தள்ளிவிட்டு, வித்தியாசமாகக் கேட்பதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னாளாம். பலகையின் இரண்டு முனையையும் இரண்டு பேர் தோளில் வைத்துப் போகும்போது தெருச் சத்தம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் மறுமுனைக்காரன் கால் தடுக்கினால் அது என் தோளுக்கு மட்டும் வந்து சேரும். அதைப் போல. ரீங்காரம் வடிந்தது. வடிந்த இடத்தில், எனக்குக் கற்றுக்கொடுக்கப்படாத ஒரு மொழியின் கையெழுத்துப் போல, ஒரு கோடு தானாக எழுதிக்கொண்டு போனது. முதலில் ஒரு சின்ன மேடு. ஒரு கணம் நின்று, ஈட்டி போல ஓர் உச்சி. பிறகு தாழ்வான ஒரு குன்று. மறுபடி சின்ன மேடு, ஈட்டி, குன்று.

"சின்ன மேடு, உன் நெஞ்சோட மேல் அறை சுருங்குறது. அது கீழ் அறையக் கூப்பிடுது. ஈட்டி, கீழ் அறை குடுக்குற பதில்."

நான் விரலை வைத்து எழுத்துக்கூட்டுவதைப் போலத் தொடர்ந்தேன். கூப்பிடுகிறது, பதில். கூப்பிடுகிறது, பதில். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய பேச்சு. நான் மூட்டை தூக்கும்போதும், மேஸ்திரியிடம் திட்டு வாங்கும்போதும், இவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோதும் இவர்கள் இருவரும் எனக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். என் மனைவியும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அழகா எழுதுறீங்க" என்றாள்.

பன்னிரண்டு நாள் அதைக் கட்டிக்கொண்டு போனேன். தூங்குகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதைப் போல இருந்தது. ஒட்டகம் தினமும் குனிந்து என் சட்டைக்குள் பார்த்து, "என்ன தம்பி, உள்ள வேக்காடா?" என்று பெட்டியை விசாரிப்பான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பலகையின் நடுவில் கண்ணுக்குள் பால் ஊற்றிவிட்டது. மூட்டை எப்படித் தோளிலிருந்து போனது என்று தெரியாது. குத்து விழுந்து கண் திறந்தபோது ஒட்டகம் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். "அண்ணே" என்றான். அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. நான் உதட்டில் விரலை வைத்தேன். அவன் கீழே கிடந்த மூட்டையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

பெட்டியைக் கழற்றிக் கொடுத்த அன்று மகள் முகம் வாடிவிட்டது. எட்டு இடத்தில் கோடு செத்துக் கிடந்தது. ஈட்டி, குன்று, மேடு என்று போய்க்கொண்டிருந்தது சட்டென்று தட்டையாகி, லேசாக நெளிந்து, மறுபடி ஓர் ஈட்டியுடன் எழுந்தது. வேறு யார் உடம்பிலும் இப்படி வரவில்லை. உள்ளே ஒரு ஏற்பாடு உண்டாம். பெரிய குலுக்கல் வந்தால் சர்க்யூட் தானே கண்ணை மூடிக்கொண்டு, நிதானம் வந்த பிறகு திறக்கும். "காரணமே இல்லாம கண்ண மூடிக்குதுப்பா. உன் தோலும் வேர்வையும் சேர்ந்து அத ஏமாத்துது. இந்த நெளிவு பாரு, கண்ண மூடும்போது வர்ற ஆட்டம்." செவ்வாய்க்கிழமைக் கோட்டைப் பெரிதாக்கினாள். "அந்த நேரத்துல என்ன பண்ணிட்டு இருந்த? விழுந்தியா? வயர் எங்கயாவது மாட்டி இழுத்துச்சா?"

நான் கோட்டைப் பார்த்தேன். அந்த வெள்ளையை எனக்கு உள்ளிருந்து தெரியும். "சும்மா மூட்டைதான் தூக்கினேன்" என்றேன்.

சர்க்யூட்டின் வரைபடத்தைச் சிப் செய்கிற ஆலைக்கு அனுப்ப நாள் குறித்திருந்தார்கள். அதை விட்டால் அடுத்த முறைக்கு அரை வருஷம் காத்திருக்க வேண்டும். அவளுடைய வேலை ஒப்பந்தம் அதுவரை தாங்காது. அவள் சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் தட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியைச் சுட வைத்தாள், குளிர வைத்தாள், உப்புத் தண்ணீரில் நனைத்த தோல் துண்டின் மேல் ஒட்டினாள். குலுக்கினாள். அது ஒருமுறைகூடக் காரணமில்லாமல் கண்ணை மூடவில்லை. "இங்க நல்ல பிள்ளையா இருக்கு. உன் மேல ஏறினா மட்டும் தூங்குது" என்று சிரிக்கப் பார்த்தாள். நான் கை கழுவப் போய்விட்டேன். சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வரும். மேஸ்திரி தோளில் தட்டுவது தெரியும். வார்த்தை திரும்பிப் போய்விடும்.

அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆறிப்போன டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "முடிவு பண்ணிட்டேன்ப்பா. அந்த ரெண்டு பேருக்கு ஒரே கூலி வேண்டாம். எல்லாரும் செய்ற மாதிரியே செஞ்சுடறேன். மின்சாரம் ரெட்டிப்பாகும். பேட்டரி பாதி நாள்தான் வரும். ஆனா தூங்காது."

திரையில் அவளுடைய வரைபடம் இருந்தது. சிவப்பும் நீலமும் பச்சையுமாக, மிக உயரத்திலிருந்து பார்த்த ஊரைப் போல. எந்தத் தெருவிலும் ஒரு கோணல் இல்லை. மூன்று வருஷம். அதன் நடுவில் ஒரு வட்டாரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டாள். மேலே ஒருவன், கீழே ஒருவன் என்று அவள் சொன்ன அந்த ஜோடி அங்கேதான் இருந்திருக்க வேண்டும். விரல் அழிக்கிற விசைக்குப் போனது.

"அத அழிக்காத."

"ஏன்ப்பா?"

"அது தூங்கல தாயி. நின்னது நான்."

அவளுக்குப் புரியவில்லை. பால் ஊற்றுவதையும், பஞ்சையும், குத்தையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பலகையைச் சொன்னேன். ஒட்டகம் பிடித்ததைச் சொன்னேன். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது.

"எத்தன நாளா?" என்றாள் மனைவி.

நான் மாதங்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன், அவள் முடிக்க விடவில்லை.

"பக்கத்துல படுத்திருக்கறவளுக்குச் சொல்லல. ஒரு பொட்டிக்குச் சொல்லியிருக்கீங்க."

மகள் அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. வரைபடத்தை மூடினாள். செவ்வாய்க்கிழமைக் கோட்டைத் திறந்து அந்தத் தட்டையான இடத்தைத் திரை முழுக்கப் பரப்பினாள். மேசையில் கிடந்த ஒரு பழைய ரசீதின் ஓரத்தை, முன்னால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பகுதியில் வைத்து, ஒரு சின்ன மேட்டுக்கும் அடுத்த சின்ன மேட்டுக்கும் நேராகப் பேனாவால் இரண்டு கோடு கிழித்தாள். பிறகு அந்தக் காகிதத்தைத் திரையோடு ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். தட்டையில் முதல் நெளிவு. பேனாக்கோடு அதன் தலையில் உட்கார்ந்தது. அடுத்த நெளிவு. அதன் மேலும் உட்கார்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அவள் விரல் நின்றுவிட்டது.

"இது ஆட்டம் இல்லப்பா" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "இது சின்ன மேடு. மேல் அறை கூப்பிட்டுட்டே இருந்திருக்கு."

நான் பார்த்தேன். இப்போது எனக்கும் தெரிந்தது. ஈட்டி இல்லை, குன்று இல்லை. வெறும் சமவெளியில் சின்னச் சின்ன மேடுகள், ஒன்றுக்கொன்று அதே தூரத்தில், அவசரப்படாமல். கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்து, மறுபடி தட்டுகிறவனைப் போல. உள்ளே இருப்பவன் பதில் சொல்லவில்லை. தட்டுகிறவன் போய்விடவும் இல்லை. நான் பலகையின் மேல் ஒன்றும் தெரியாமல் நின்றிருந்தபோது, எனக்குள் யாரோ என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆறாவது முறை கூப்பிட்டபோது ஈட்டி எழுந்தது. அதுதான் அந்தக் குத்து. அந்தப் பேச்சு எவ்வளவு சன்னமானது என்று யோசித்தேன். பேட்டரியை ஆயிரத்து ஐநூறாகப் பிரித்ததில் ஒரு பங்கு அந்த ஈட்டி. இந்த மேடு அதிலும் பத்தில் ஒன்றுகூட இருக்காது. அது என் செருப்புத் தோலைத் தாண்டி, லாரியின் உறுமலைத் தாண்டி, அறையின் ரீங்காரத்தைத் தாண்டி, எள் அளவு துணுக்கில் பாதிக் கூலிக்கு நின்றுகொண்டிருந்த இரண்டு பேரின் காதில் விழுந்திருக்கிறது. அவர்கள் முணுமுணுக்காமல் கேட்டு, கேட்டபடியே எழுதியிருக்கிறார்கள்.

"எல்லாத்தையும் கேட்டிருக்குப்பா" என்றாள். "நான்தான் இத நம்பல."

மனைவி குழாயடியிலிருந்து வந்து எனக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்த்தாள். என் தோளில் அவள் கை விழுந்தது. அடிப்பதைப் போலத்தான் விழுந்தது. அப்புறம் அங்கேயே இருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அவர்களுடைய இயந்திரத்தில் எடுத்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. கூப்பிடுகிறது, பதில். கூப்பிடுகிறது, பதில். டாக்டரம்மா, "நல்லாத்தானே இருக்கு" என்றார். மகள் தான் கொண்டுபோன தாள்களை நீட்டினாள். டாக்டரம்மா முதல் தாளை நின்றபடி பார்த்தார். இரண்டாவது தாளுக்கு உட்கார்ந்துவிட்டார். "இத எங்கம்மா எடுத்தீங்க?"

"நான் பண்ணின சர்க்யூட்ல எடுத்தது."

டாக்டரம்மா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னிடம், "நீங்க வீட்டுக்குப் போக வேண்டாம். இப்படியே படுங்க" என்றார்.

கழுத்தெலும்புக்குக் கீழே தோலைக் கொஞ்சம் திறந்து ஒரு பேஸ்மேக்கர் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். வெறும் மாதிரி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார் டாக்டரம்மா. ஆற்றங்கரையில் தேய்ந்த கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. பெரும்பாலும் அது எதுவும் செய்யாதாம். மேல் அறை கூப்பிடுவதையும் கீழ் அறை பதில் சொல்வதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். பதில் வராவிட்டால் மட்டும், கீழ் அறையை ஒரு தட்டுத் தட்டும். பேட்டரி பத்து வருஷம் வரும். மகள் அதை என் கையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கேக்கறதுக்கு இது எவ்வளவு கரண்ட் எடுக்குது டாக்டர்?" என்றாள். "அதெல்லாம் எனக்கெப்படிம்மா தெரியும்?" என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் தோன்றியது. இந்தக் கல்லுக்குள்ளும் ஓர் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. எங்கோ ஓர் அறையில், ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு, யாரோ பெற்ற பிள்ளை ஒன்று அதைச் செதுக்கியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு என்னைத் தெரியாது. பத்து வருஷம் என்னோடு இருக்கப்போகிறது.

அறுவைச் சிகிச்சைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போன நாள்தான் வரைபடம் அனுப்ப வேண்டிய நாள். வராந்தா நாற்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவள் என் தள்ளுக்கட்டில் அருகே ஓடிவந்தாள்.

"அனுப்பிட்டேன்ப்பா."

"ரெண்டு பேருக்கும் அதே கூலியா?"

"அதே கூலி. ஒண்ணையும் மாத்தல."

சிப் திரும்பி வர மாதங்கள் ஆகும். வந்து பேசுமா, ஊமையாக இருக்குமா என்று அதற்கு முன் யாராலும் சொல்ல முடியாதாம்.

அடுத்த நாள் ஒட்டகம் வந்தான். கைக்குள் சுருட்டி எதையோ வைத்திருந்தான். மூட்டைக்கு அடியில் தோளில் போடுகிற என் சும்மாடு. துவைத்துக் காயவைத்து மடித்திருந்தான். இப்போதைக்கு எனக்கு அது தேவைப்படாது என்று இருவருக்கும் தெரியும். இடது கையைத் தோளுக்குமேல் தூக்கக் கூடாது என்று கட்டுப் போட்டிருந்தார்கள். தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான். "மேஸ்திரி என்ன சொன்னார்?" என்றேன். "ஒண்ணும் சொல்லலண்ணே. அவரு ஒண்ணும் சொல்லாதது நல்லதா கெட்டதானு நானும் ரெண்டு நாளா யோசிக்கறேன்." போகும்போது மேசையிலிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் மகள் வந்தாள். என் வலது கையை விரித்து அதில் மடித்த நோட்டுகளை வைத்தாள். "எண்ணிக்கோப்பா. அப்புறம் குறையுதுன்னு சொல்லக்கூடாது."

"நின்ன நேரத்துக்குப் பிடிச்சுக்கலையா?"

"நின்ன நேரத்துக்குத்தான் ரெட்டைக் கூலி தரணும். என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு."

ஒற்றைக் கையால் எண்ணினேன். ஐயாயிரத்து நானூறு சரியாக இருந்தது. எண்ணி முடித்ததும் மனைவி அதை என் விரல்களுக்கு நடுவிலிருந்து உருவித் தன் பைக்குள் போட்டாள். "இது அபராதம். என்கிட்ட மறைச்சதுக்கு." மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன், தையல் இழுத்தது. அத்தோடு அந்தக் கணக்குத் தீர்ந்தது.

பிறகு அவள் பையிலிருந்து அந்தப் பழைய பெட்டியை எடுத்தாள். கட்டுப் போட்ட இடத்தை விட்டு விலகி, வலப்பக்கமாக ஒட்டினாள். இந்தமுறை அவள் கை சூடாக இருந்தது. மடிக்கணினியைப் படுக்கையின் கால்மாட்டில் வைத்தாள். ரீங்காரம் ஓடியது, வடிந்தது, கோடு எழுத ஆரம்பித்தது. சின்ன மேடு. ஈட்டி. குன்று. என் நெஞ்சு தானாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே வைத்த கூழாங்கல் வாயைத் திறக்கவில்லை. அது கேட்டுக்கொண்டிருந்தது, அது கேட்பதைப் பெட்டியும் கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்பக்கமாக நகர்கிற சத்தம் வந்து போனது.

மகள்தான் முதலில் கண்டாள். அவள் மூச்சு நின்றதில் நான் கண்டேன். சின்ன மேடு எழுந்து இறங்கியது. அதன் பிறகு வர வேண்டியது வரவில்லை. கோடு சமவெளியில் ஒரு கண நேரம் போனது. அப்போது, பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து ஒரே இழுப்பில் இழுத்ததைப் போல, மயிரிழையாக ஒரு நேர்கோடு விழுந்தது, கூழாங்கல்லின் தட்டு. அதன் காலடியிலிருந்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாக, ஒரு மலை எழுந்தது. கண்ணுக்குள் பால் ஊற்றவில்லை. பஞ்சு அடைக்கவில்லை. விசிறியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மனைவியின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகியிருந்தன.

அடுத்த சின்ன மேடு மெதுவாக எழுந்தது.